ஒரு கரண்டி ஆளிவிதை

ஹினொகுரா மலைக்காரர்களிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பெண்டாட்டி ஏன் கோபித்துக்கொண்டு போனாள் என்று கேட்கலாம். மூலத்துக்கு என்ன மருந்து போடுகிறாய் என்று கேட்டால்கூட உட்காரவைத்து விலாவாரியாகச் சொல்வார்கள். மாட்டுத் தொட்டியில் என்ன போடுகிறாய் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவனை அதற்கப்புறம் அந்த மலையில் யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். மேல்தெருவில் ஒருவர் சாகக் கிடந்தபோது மகன் காதருகே குனிந்து, "அப்பா, இப்பவாவது சொல்லுங்க, தீவனத்துல என்னதான் கலந்தீங்க" என்றான். அவர் கண்ணைத் திறந்து, "தவிடு" என்றார். அத்தோடு போய்ச் சேர்ந்தார். தவிடு கலக்காத மாட்டுக்காரன் அந்த மலையில் ஒருத்தன்கூடக் கிடையாது. அப்பேர்ப்பட்ட ஊர்.

தோகியே அந்த ஊரில் பிறந்தவள். கல்யாணமாகிக் கடற்கரைப் பட்டணத்துக்குப் போனாள். ஒத்துவரவில்லை, திரும்பி வந்துவிட்டாள். அவளும் அவள் தம்பி ஹருஹிசாவும் அப்பா விட்டுப்போன கறுப்பு மாட்டுத் தொழுவத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. காலைத் தீவனம் அவளுடையது, ஏனென்றால் விடிந்ததும் அவன் பள்ளிக்கூட வண்டி ஓட்டப் போய்விடுவான். மாலைத் தீவனம் அவனுடையது, அந்த நேரத்தில் அவள் கூட்டுறவுக் கடையில் கல்லாவில் இருப்பாள். ஒரே தொழுவம், ஒரே தொட்டி, ஒரே அலுமினியக் கரண்டி. இருந்தும் நீ என்ன போட்டாய் என்று இவளும் கேட்டதில்லை, அவனும் கேட்டதில்லை. அக்கா தம்பியாக இருந்தால் என்ன, மலை வழக்கம் மலை வழக்கம்தான்.

அந்த வருஷம் அவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்ததற்குக் காரணம் ஷிகெனாமி. அவன் ஒரு காளை. அவர்கள் தொழுவத்தில்தான் பிறந்தான். பனி கொட்டிய ஒரு மார்கழியில் தாய்ப்பசு அவனைப் போட்டுவிட்டுச் செத்துப்போனது. தோகியே புட்டிப்பால் கொடுத்து, தன் பழைய கம்பளிச் சட்டையைப் போர்த்தி, அவனை ஆளாக்கினாள். பால் குடித்து முடித்ததும் அவள் காதை நக்குவான். மூக்கு வேண்டாம், கன்னம் வேண்டாம், காதுதான் வேண்டும். வளர்ந்தபோது முதுகும் தொடையும் பார்த்து அசந்துபோய் மாகாணத்துக் காளைப் பண்ணைக்காரர்களே வந்து கொண்டுபோனார்கள். ஊரே கூடி அனுப்பிவைத்தது.

பண்ணைக்குப் போய்விட்டால் மட்டும் ஆயுசு கெட்டி என்று நினைத்துவிடக் கூடாது. காளை நல்லதா என்பதை அவன் மகன்களின் இறைச்சிதான் சொல்லும். மகன்களைக் கொழுக்கவைத்து, அறுத்து, கொழுப்பைப் பார்த்து, தின்று பார்த்து, அப்புறம்தான் தீர்ப்பு. ஷிகெனாமியின் மகன்களுக்கு இறைச்சியில் கொழுப்பின் வெள்ளைக்கோடு சிலந்திவலை மாதிரி விழுந்திருந்தது, அதில் குறையில்லை. கொழுப்புதான் கெட்டி, வாயில் போட்டால் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசி மகன் ஒருத்தன் மிச்சம். அவன் பெயர் குரோ. வளர்த்தவர் வீட்டில் ஒரு மகனை விட்டுவைப்பது வழக்கம் என்பதால் தோகியே தொழுவத்தில் நின்றான். குரோவின் கொழுப்பாவது இளகியிருந்தால் ஷிகெனாமி பண்ணையில் இருப்பான். இல்லாவிட்டால் காளை கசாப்புக்கு, பசுக்களுக்குச் சினை ஊசி போட உறையவைத்த அவன் வித்தெல்லாம் குப்பைக்கு. இதைத் தேர்வுக்குழுத் தலைவர் ஒகுதேரா, கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டார். பரீட்சை மாட்டுக்குக் குழு அனுப்பும் தீவனத்தைத் தவிர வேறு எதுவும் போடக் கூடாது, போட்டால் தொழுவத்தின் பெயரையே பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவோம் என்றும் சொன்னார்.

கோடை முடியும் சமயத்தில் தீவன வியாபாரி முராவோ வந்தான். மூக்கு சிவந்த, வாய் ஓயாத ஆள்.

"அக்கா, உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

"எல்லார்கிட்டயும் இப்படித்தான ஆரம்பிப்ப."

"எங்கம்மா மேல சத்தியமாக்கா. வறுத்த ஆளிவிதை. ஒரு நாளைக்கு ஒரு கரண்டி, அவ்வளவுதான். கொழுப்பு வெண்ணெய் மாதிரி இளகிடும்."

"யார்கிட்டடா கதை விடுற? மாட்டு வயித்துக்குள்ள போனா எந்த எண்ணெயும் கெட்டியாத்தான ஆகுது. அங்க இருக்கிற கிருமி சும்மா விடுமா?"

"அதுக்குத்தான் வறுக்கிறது. வறுத்துட்டா கொஞ்சமாவது கிருமி கையில சிக்காம உள்ள போயிடும். போனது அப்படியே கொழுப்புல சேர்ந்துடும். மீன் எண்ணெயில இருக்குன்னு டிவியில சொல்றான் பாருங்க, ஒமேகா மூணு, அந்தச் சாதி அமிலம்."

"மீன் எண்ணெய்னா மீன் நாத்தம் அடிக்காதா?"

முராவோ குரலைத் தாழ்த்தினான். "அதான் விஷயம். ஒரு கரண்டிக்கு மேல போகவே கூடாது. நம்ம மாடு பச்சைப்புல்லையே கண்ணால பாக்காத மாடு. பச்சையில ஒரு சத்து இருக்கு, இந்த எண்ணெயக் கெடாமப் பாத்துக்கிறது அதுதான். அது இல்லாம ஆளிவிதை அதிகமாச்சுன்னா கொழுப்பு காறிப்போயிடும். அடுப்புல வெச்சதும் சிக்குவாடை அடிக்கும். ஒரு கரண்டின்னா ஒண்ணும் ஆகாது. எத்தனையோ தொழுவத்துல பாத்துட்டேன்."

அவன் சொன்னது நிஜம்தான். அறுப்புக்கு முந்தின கடைசி வருஷத்தில் பச்சைப்புல் காட்டினால் வெள்ளைக்கோடு விழாது என்று அந்த மலையில் வெறும் வைக்கோல்தான் போடுவார்கள். குரோ பச்சையை மறந்து மாதக்கணக்கு ஆகியிருந்தது.

தோகியே ஒரு மூட்டை வாங்கினாள். மிசோ என்கிற சோயா விழுது ஊறுகிற பெரிய தொட்டிக்குப் பின்னால், தம்பி எட்டிப் பார்க்காத மூலையில் ஒளித்துவைத்தாள். மறுநாள் காலையிலிருந்து குரோவின் தொட்டியில் ஒரு கரண்டி. தலைதட்டி, ஒரு மணி கூடாமல். தப்புதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கரண்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவளுக்குக் காது கூசும். அந்தக் காதை நக்கினவனைக் கசாப்புக்கடைக்கு அனுப்ப முடியுமா?

குரோ மின்ன ஆரம்பித்தான். மயிர் எண்ணெய் தடவின மாதிரி பளபளத்தது.

ஒரு நாள் இராச்சாப்பாட்டில் ஹருஹிசா முள்ளங்கியும் கணவாயும் போட்ட குழம்பை ஊதிக்கொண்டே, "அக்கா, குரோ மேல ஒரு மினுக்கம் வந்திருக்கு, பாத்தியா" என்றான்.

"பாத்தேன், பாத்தேன்."

"உனக்கு ராசியான கை."

"என் கையில என்னடா இருக்கு? குழு அனுப்புற தீவனம்."

"அதத்தான் நானும் சொல்றேன். குழு தீவனம் நல்ல தீவனம்." அவன் குழம்புக்குள் முகத்தை விட்டுக்கொண்டான்.

"எதுக்குடா காது சிவக்குது?"

"குழம்பு சுடுது."

"ஊதித்தான குடிக்கிற."

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி," என்றான். பிறகு, கேள்வி என்ற வார்த்தையே தப்பு மாதிரி இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டு வாயிலும் கொழுக்கட்டை.

அவளுக்கு ஒரே ஒரு தடவை திக்கென்றது. கடைக்கு விடுமுறை விட்ட ஒரு நாள் சாயங்காலம் தொழுவத்துக்குள் போனபோது, தொட்டி விளிம்பில் பழுப்பாக, பளபளவென்று ஒரு விதை ஒட்டியிருந்தது. காலையில் சரியாகத் துடைக்காமல் போய்விட்டோமே, தம்பி பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பதறி, விரலை எச்சில்படுத்தி அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். காலையில் துடைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நினைவைத்தான் சந்தேகப்பட்டாள். மனுஷபுத்தி அப்படித்தான், தன் கண்ணை நம்பாது, தன் பயத்தை நம்பும்.

பனி விழ ஆரம்பித்தபோது குரோ போனான். இறைச்சிப் பரீட்சை நடந்த நாளில் அக்காவும் தம்பியும் வெள்ளை அங்கியும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு குளிரறையில் நின்றார்கள். மலையிலிருந்து இன்னும் பலர் வந்திருந்தார்கள். கொக்கியில் தொங்கிய பாதி உடலை விலாவுக்கிடையில் அறுத்துத் திறந்ததும் அறையே 'ஹா' என்றது. சிவப்பே தெரியாத அளவுக்கு வெள்ளைக்கோடு. ஒகுதேரா கையுறையைக் கழற்றி, கொழுப்பில் கட்டைவிரலை வைத்தார். விரல் உள்ளே போனது. அவர் எடுத்தபோது ரேகை வழியாக எண்ணெய் வழிந்தது.

"இந்தக் குளிர்லயா?" என்றார் அவர்.

ஹருஹிசா அக்காவின் கையைப் பிடித்து நசுக்கினான். அவளுக்கு வலித்தது. நசுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒகுதேரா ஒளிபாய்ச்சும் கைக்கருவியைக் கொழுப்பில் அழுத்தி எண்ணைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. "கொழுப்ப இளக்குற ஒலீயிக் அமிலம் சுமாராத்தான் இருக்கு. இதுக்கு இப்படி இளகக் கூடாதே," என்று தனக்குத்தானே முனகிக்கொண்டார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. முதுகில் தட்டுவதும் வாழ்த்துவதுமாக இருந்தார்கள். "ஷிகெனாமி பொழச்சுட்டான்டா" என்று பக்கத்துத் தொழுவத்துக்காரன் ஹருஹிசாவைக் கட்டிக்கொண்டான்.

அப்புறம் மாடியில் சுவைப் பரீட்சை. நீள மேசையில் நடுவர்கள் ஆறேழு பேர், முன்னால் சூடான இரும்புத் தட்டு. உப்பைத் தவிர ஒன்றும் கிடையாது. தாள் போல நறுக்கின இறைச்சியைச் சமையல்காரர் தட்டில் விரித்தார். சொய்ங் என்ற சத்தம் வந்தது.

பிறகு வாடை வந்தது.

தோகியே சுவரோரம் நின்றிருந்தாள். முதலில் அவள் ஜன்னலுக்கு வெளியேயிருந்து என்று நினைத்தாள். யாரோ கதவுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், பக்கத்தில் நாள்பட்ட மீனைக் கொட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். கடற்கரைப் பட்டணத்தில் குப்பைகொட்டிய மூக்கு, மீன் நாற்றத்தில் ஏமாறாது. ஆனால் ஜன்னல் சாத்தியிருந்தது. புகை தட்டிலிருந்துதான் எழும்பியது.

நடுவர்களில் விடுதி நடத்தும் ஓர் அம்மாள் ஒரு துண்டை வாயில் வைத்தாள். மெல்லவில்லை. காகிதத்தை எடுத்து வாயை மறைத்துக்கொண்டு துப்பினாள். சாப்பிடும் குச்சிகளை மேசையில் படுக்கவைத்தாள். அடுத்தவரும் படுக்கவைத்தார். மேசை நெடுகக் குச்சிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"வேற இடத்துல வெட்டி வாங்க. தட்டையும் மாத்துங்க," என்றார் ஒகுதேரா. வெட்டி வந்தார்கள். தட்டை மாற்றினார்கள். அதே வாடை, இன்னும் கொஞ்சம் உறைப்பாக வந்தது.

ஒகுதேரா எழுந்தார். சமவெளிக்காரர், படித்தவர், மலை வழக்கம் தெரியாதவர். எல்லார் முன்னாலும் அக்காவையும் தம்பியையும் பார்த்து, "தீவனத்துல வேற ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

அறையிலிருந்த மலைக்காரர்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சபையில் வைத்து ஒருத்தியின் துணியை உருவினால்கூட அப்படிக் குனிந்திருக்க மாட்டார்கள்.

"இல்லைங்கய்யா," என்றான் ஹருஹிசா. இடுப்பு வரை வளைந்து வணங்கினான். நிமிரவே இல்லை.

ஒகுதேரா தோகியேயைப் பார்த்தார்.

அவள் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நம்புங்கள், சொல்லத்தான் திறந்தாள். 'போட்டேன், ஒரு கரண்டி போட்டேன்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அங்கேதான் அவள் மூளை குறுக்கே வந்து கெடுத்தது. ஒரு கரண்டிதானே போட்டேன் என்றது அந்த மூளை. தலைதட்டிப் போட்டேன். ஒரு கரண்டி இந்த நாற்றத்தைச் செய்யாது, முராவோ எத்தனையோ தொழுவத்தில் பார்த்தவன். அப்படியென்றால் குறை விதையில் இல்லை, குரோவின் ரத்தத்தில், அவன் அப்பன் ரத்தத்தில். செய்யாத குற்றத்தைச் சொல்லி, அப்பா காலத்துத் தொழுவத்தின் பெயரை அடிக்கவைத்து, வளைந்து நிற்கும் தம்பியை நடுத்தெருவில் நிறுத்துவானேன்?

"இல்லைங்க," என்றாள்.

ஒகுதேரா உட்கார்ந்தார். "மத்த மகன்களுக்குக் கெட்டிக் கொழுப்பு. இவனுக்கு இளகின கொழுப்பு, ஆனா இந்த நாத்தம். எது எப்ப வரும்னே தெரியல. இந்த ரத்தத்த நம்பி ஊர்ப் பசுக்களுக்கு ஊசி போட முடியாது." வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான்.

திரும்பும் வழியில் ஹருஹிசா வண்டி ஓட்டினான். சுரங்கப்பாதை தாண்டினதும், "அவன் ரத்தத்துலயே இருந்திருக்குக்கா" என்றான். அவன் குரல் அவளைக் கெஞ்சுவது மாதிரி இருந்தது.

"ஆமாடா. ரத்தத்துலதான்," என்றாள் அவளும். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நிஜமாகிவிட்டது.

காளையைக் கடைசியாகப் பார்க்க அவள் மட்டும் போனாள். தம்பி வண்டி டயரைச் சாக்குச் சொல்லிவிட்டு நின்றுவிட்டான். பண்ணையில் ஷிகெனாமி ஒரு மலையாக வளர்ந்திருந்தான். அவள் பூட்ஸ் சத்தம் கேட்டதுமே கம்பிக்கு வந்தான். மூக்கு வளையத்தைக் கம்பியில் இடித்துக்கொண்டு கழுத்தை நீட்டினான். அவள் தொப்பியைக் கழற்றினாள். அவன் தேடிக் கண்டுபிடித்து, சொரசொரவென்ற நாக்கால் காதை நக்கினான்.

"உன் ரத்தத்துல இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு யாருடா சொன்னா," என்றாள். "சொல்லியிருந்தா அப்பவே மனசத் தேத்திக்கிட்டு இருந்திருப்பேனே." அவன் மற்றக் காதுக்கும் போனான். அவள் அழுதாள், வெட்கமில்லாமல் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். பண்ணை ஆள் பார்க்காத மாதிரி வைக்கோலைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் காளை போனான். உறையவைத்த வித்தும் போனது. அவன் இளம் மகள்களைக்கூட வேண்டாம் என்று ஊரில் சிலர் விற்க ஆரம்பித்தார்கள் என்று கேள்வி. பெயர் கெட்டால் அப்படித்தான், குலமே கெடும்.

பண்ணைக் காளை செத்தால், அவனைப் பிறப்பித்த தொழுவத்துக்கு இறைச்சியில் ஒரு பங்கு வரும். அதைச் சமைத்து, அப்பா படத்துக்கு முன்னால் ஒரு துண்டு வைத்து, வீட்டார் தின்ன வேண்டும். தின்னாமல் விடுவது அந்த உயிருக்குச் செய்கிற அவமரியாதை என்பது மலை வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் பனியில் வண்டி வந்து வெள்ளைப் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனது.

"என்னால முடியாதுக்கா. அந்த வாடை வந்தா நான் வெளியில ஓடிடுவேன்," என்றான் ஹருஹிசா.

"ஓடு. பனியில போய் விழு. ஆனா முதல்ல ஒரு வாய் தின்னுட்டு ஓடு."

"உனக்குக் கல்நெஞ்சு."

"எனக்குக் கல்நெஞ்சு இருந்தா இவனுக்குப் புட்டிப்பால் குடுத்திருப்பேனாடா? அடுப்பப் பத்தவை."

மேசைமேல் அடுப்பில் இரும்புச் சட்டி வைத்தார்கள். வெங்காயத்தாளும் தோஃபு என்கிற சோயாக்கட்டியும் தயாராக இருந்தன. முதலில் சட்டிக்குக் கொழுப்பு தடவ வேண்டும். பொட்டலத்தில் வெள்ளையாக ஒரு கொழுப்புக்கட்டி இருந்தது. குச்சியில் எடுத்தாள், கெட்டியாகத்தான் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சூடான சட்டியில் வைத்து வட்டமாகத் தேய்த்தாள். தம்பி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க முடியும்? அவள் மூச்சை விட்டாள். பிறகு இழுத்தாள்.

வாடை இல்லை. அவள் இன்னொரு தடவை, நன்றாக, சட்டிக்கு மேல் முகத்தைக் கொண்டுபோய் இழுத்தாள். பால் காய்ச்சினது போல, வறுத்த கஷ்கொட்டை போல ஒரு இனிப்பு வாசனை அறையை நிறைத்துக்கொண்டிருந்தது. மீன் இல்லை, பெயின்ட் இல்லை, காறல் இல்லை. துளிக்கூட இல்லை.

குச்சி கையிலிருந்து நழுவிச் சட்டியில் விழுந்தது.

காளை தின்றது பண்ணைத் தீவனம். அதில் ஆளிவிதை கிடையாது. நாற்றம் ரத்தத்தில் இருந்தால் அது இந்தச் சட்டியில் அல்லவா அடிக்க வேண்டும்? இவன்தானே அந்த ரத்தம்?

ஹருஹிசா துண்டை மெதுவாக இறக்கினான். அவன் மூக்கு விடைத்தது. அவன் முகம் ரத்தம் சுண்டி வெளுப்பதை அவள் பார்த்தாள். அவன் சட்டியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அது அதிசயப்பட்டவன் பார்வை இல்லை, மாட்டிக்கொண்டவன் பார்வை. அதைத்தான் அவள் ஒவ்வொரு நாள் காலையும் முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறந்ததிலிருந்து கேட்காத கேள்வியை அவள் கேட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"சாயங்காலம் நீ என்னடா போட்ட?"

அவன் எழுந்தான். செருப்புகூட மாட்டாமல் பனியில் இறங்கி டிராக்டர் கொட்டகைக்குப் போனான். தார்ப்பாயைத் தூக்குகிற சத்தம் கேட்டது. அவளும் எழுந்து மிசோ தொட்டிக்குப் பின்னால் போனாள். இருவரும் சமையலறைக்குத் திரும்பி வந்தபோது இருவர் கையிலும் மூட்டை இருந்தது. ஒரே மாதிரி மூட்டை. ஒரே சிவப்பு நூல் தையல்.

"எவ்வளவு?" என்றாள்.

"ஒரு கரண்டி. தலைதட்டி," என்றான். "'உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேண்ணே'ன்னான் முராவோ. 'ஒரு கரண்டிக்கு மேல போகாதீங்க'ன்னான். நான் ஒரு நாளும் மேல போகல அக்கா. சத்தியமா போகல."

"நானும் போகல."

அவன் மூட்டையை நழுவவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். விதை சலசலவென்று கொட்டி மேசைக்கடியில் ஓடியது. "அன்னைக்கு ஒகுதேரா ஐயா கேட்டப்ப சொல்லத்தான் நினைச்சேன். ஒரு கரண்டி இத செய்யாது, ரத்தத்துலதான் ஏதோ இருக்குன்னு..."

"போதும். சொல்லாத," என்றாள். "எனக்குத் தெரியும்." அவனுக்குள் ஓடினது என்னவென்று அவளுக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரிந்தது. அதே வார்த்தைகளால்தான் அவளும் தன் வாயை அடைத்துக்கொண்டிருந்தாள்.

கம்பிக்கு வெளியே நின்று அவள் ஷிகெனாமியைப் போய்க் குற்றம் சொன்னாளே, உன் ரத்தத்தில் இருக்கிறது என்று. அவன் அதற்கும் காதைத்தானே நக்கினான். ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். குழம்பு குடித்துக்கொண்டே கேட்டிருக்கலாம். என்னடா போடுற, என்னக்கா போடுற. அவ்வளவுதான். மூலத்துக்கு மருந்து கேட்கிற ஊர் இது, தூ.

"காலையில ஒகுதேரா ஐயாகிட்ட போய்ச் சொல்லிடலாம்," என்றாள்.

"எதுக்கு? எழுந்து வருவானா?"

"அவன் வரமாட்டான். அவன் பொண்ணுங்கள ஊர்ல விக்கிறாங்க. அவங்களாவது இருக்கட்டும். நம்ம தொழுவத்துப் பேர அடிச்சா அடிக்கட்டும்."

அவன் தலையாட்டினான். முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பை அணைக்கக் கை நீட்டினான்.

"அணைக்காத," என்றாள் தோகியே. "தின்னாம விடக் கூடாது."

அவள் குச்சியை எடுத்துத் துடைத்து, இறைச்சியை ஒவ்வொன்றாகச் சட்டியில் விரித்தாள். முதல் துண்டை அப்பா படத்துக்கு முன்னால் வைத்தாள். அடுத்ததைத் தம்பி கிண்ணத்தில் போட்டாள். அதற்கடுத்ததை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். காளை இறைச்சி, கொஞ்சம் கடினம்தான். கொழுப்பும் கெட்டிதான், அண்ணத்தில் லேசாக ஒட்டியது. ஆனால் ஒட்டின இடத்தில் நின்று, மெதுவாக, பாலாக இனித்தது.

"எப்படி இருக்கு?" என்றான் ஹருஹிசா. அவன் இன்னும் வாயில் வைக்கவில்லை.

"நல்லா இருக்குடா," என்றாள் அவள். அதற்கு மேல் அவளால் விழுங்க முடியவில்லை.